தொட்டுக் கற்கட்டும்!

நம் அருங்காட்சியகங்களில் பிள்ளைகள் முதன்முதலாகப் படிக்கும் எழுத்து யாது? 'தொடாதீர்' என்னும் பலகையிலுள்ள எழுத்தே. பேருந்தில் வந்து இறங்குகின்றனர், வரிசையாக நடக்கின்றனர், அரை மணி நேரத்தில் வெளியேறுகின்றனர். இதற்கு நாம் சூட்டியிருக்கும் பெயர் வரலாற்றுக் கல்வி! இது கல்வியன்று, வெறும் ஊர்வலம் என்றே கூறுவோம்.

மதுரைக்கு அருகிலுள்ள கீழடியையே எடுத்துக்கொள்வோம். அங்கே கிடைத்த பானையோடுகளில் ஆதன், குவிரன் என்னும் பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்டுள்ளன. 2023 மார்ச்சில் அங்கு அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. அக்கட்டடத்தையோ காட்சி முறையையோ நாம் குறை கூற வரவில்லை. ஆயினும், காண்பது வேறு, கற்பது வேறு.

ஒரு சிறுவனின் கையில் ஈரக் களிமண்ணையும் சுட்ட ஓட்டையும் கொடுத்து, இரண்டிலும் தன் பெயரைக் கீறச் சொல்லுங்கள். சுடுமுன் கீறிய எழுத்துக்கும் சுட்டபின் கீறிய எழுத்துக்கும் உள்ள வேற்றுமையை அவன் விரல்களே அவனுக்கு உணர்த்திவிடும். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான ஓட்டைக் கையிலெடுத்தால், 'ஏன் இப்படி?' என்று தானே வினவுவான். சூளையில் பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால், காற்றுப் புகாத உட்புறம் கறுக்கும் என்பதை ஒரு குயவர் செய்து காட்டலாம். பத்துப் பக்கப் பாடம் செய்யாததை இந்த ஒரு வினா செய்துவிடும்.

'அரும்பொருள்கள் பாழாகிவிடுமே' என்பர் சிலர். பொன்னணிகளையும் எழுத்துள்ள ஓடுகளையும் கொடுக்குமாறு நாம் கேட்கவில்லை. குயவர் வனைந்த மாதிரிகள் போதும். அமெரிக்காவில், பாஸ்டன் குழந்தைகள் அருங்காட்சியகத்தின் இயக்குநராக 1962இல் பொறுப்பேற்ற மைக்கேல் ஸ்பாக், பிள்ளைகள் தொட்டும் இயக்கியும் கற்கும் முறையை அங்கு நிலைநாட்டினார். அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் தயங்குவது பொருள்களின் மீதுள்ள அன்பினாலா, பழக்கத்தின் மீதுள்ள பற்றினாலா?

இதில் அடங்கியிருப்பது பிள்ளைகளின் ஒரு நாள் மகிழ்ச்சி மட்டுமன்று. திருப்பணி என்ற பெயரில் கோயிற் கல்வெட்டுகள் மணல்வீச்சில் தேய்ந்தன. பள்ளிவாசல்களின் பழைய கற்கள் மீது வண்ணம் பூசப்படுகிறது. மீசான் கற்கள் கேட்பாரற்றுச் சாய்ந்து கிடக்கின்றன. இவற்றை அழிப்போர் பகைவரல்லர். கல்லில் இருப்பது எழுத்தென்று அறியாத நம்மவரே. ஈரத்தாளைக் கல்லின்மேல் அழுத்தி, மை ஒற்றிப் படியெடுக்க ஒரு முறை கற்ற பிள்ளை, தன் ஊர்க் கல்லின்மீது சுண்ணாம்பு பூச இசையுமா?

மேலும், சான்றைத் தன் கையால் ஆராய்ந்து பழகியவனை எவரும் பொய் வரலாற்றால் எளிதில் ஏய்க்க இயலாது. வெறுமனே பார்த்துச் சென்றவனோ பெருமை பேசுவான்; ஆதாரம் கேட்டால் விழிப்பான்.

நாம் கேட்பது பெரிதன்று. மாவட்டந்தோறும் அருங்காட்சியகத்தில் ஓர் அறை, ஒரு குயவர், படியெடுக்கத் தெரிந்த ஒருவர், வாரத்தில் ஒரு நாள். இவற்றுக்கு வழியில்லை என்போர், மாளிகைகளுக்கு மட்டும் வழி கண்டது எவ்வாறு என்பதைச் சொல்லட்டும்.