கேட்டவர் காக்க வேண்டிய ரகசியம்

மனக்கலக்கம் கொண்டவர் தயங்காமல் ஆலோசகரை நாட வேண்டும் என்று சர்க்காரும் வைத்தியர்களும் ஓயாமல் உபதேசித்து வருகின்றனர். உபதேசம் நல்லதே. புதுவைக்கு அது மிக அவசியமானதுங்கூட. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2015-ம் வருஷத்துக் கணக்கின்படி, லட்சம் ஜனங்களுக்கு 43.2 பேர் வீதம் தற்கொலையில் தேசத்திலேயே முதல் ஸ்தானம் வகித்தது நமது பிரதேசம். அவ்வருஷத்தில் தேசம் முழுமைக்கும் விகிதம் 10.6 தான். 2022-ல் நமது விகிதம் 29.7-க்கு இறங்கியது, தேசத்தின் விகிதம் அப்போது 12.4. இறங்கியும் இரண்டு பங்குக்கு மேல் நிற்கிறோம். இதைக் கண்டு மகிழ்கிறவர் மகிழட்டும். நமக்கு மனம் வரவில்லை.

ஆலோசகரிடம் போ, போ என்று சொல்லுகிறவர்கள், அங்கே சொன்ன சொல் பிறகு எங்கே போய்ச் சேரும் என்பதை மட்டும் சொல்லுவதில்லை. போகத் தயங்குகிறவன் முதலில் கேட்கும் கேள்வியோ அதுதான். புதுவை சிறிய ஊர். முத்தியால்பேட்டையில் காலையில் நடந்தது முதலியார்பேட்டைக்கு மாலைக்குள் எட்டிவிடும். பெண் கொடுப்பவரும் எடுப்பவரும் நாலு பேரிடம் விசாரித்த பிறகே தாம்பூலம் மாற்றுகிற சமூகம் நம்முடையது. சென்னையில் "கீழ்ப்பாக்கம்" என்ற ஊர்ப் பெயரையே வசைமொழியாக்கி வைத்திருக்கிறோம். இந்நிலையில், ஒரு பெண் உறக்கமின்றித் தவித்து ஆலோசகரைக் கண்டாள் என்ற செய்தி வெளியே போனால், அவளுடைய நோயைவிட அச்செய்தியே அவளுக்குப் பெரிய துன்பமாகிவிடும். ரகசியம் காப்பது சிகிச்சைக்குப் பின் செய்யும் மரியாதையன்று. சிகிச்சையின் முதல் அங்கமே அதுதான். அது இல்லாத இடத்தில் நோயாளி பாதியைச் சொல்லி மீதியை விழுங்குவார். பாதிக்கதையைக் கேட்டு யார்தான் வைத்தியம் செய்ய முடியும்?

ரகசியம் பெரும்பாலும் ஆலோசகர் வாயால் கசிவதில்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ளுகிறோம். சீட்டு எழுதும் குமாஸ்தா, தாழ்வாரத்தில் நின்று பெயரையும் பிரிவையும் உரக்கக் கூப்பிடும் சிப்பந்தி, பூட்டில்லாத அலமாரி, யார் வேண்டுமானாலும் புரட்டக்கூடிய பதிவேடு, இக்காலத்தில் எல்லோருடைய கையிலும் உள்ள கைப்பேசி - இவற்றின் வழியாகவே கசிகிறது. கசிந்தபின் யாரைப் பிடிப்பது?

இவ்விஷயத்தில் தமிழ்நாட்டிலேயே தோன்றி உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கு ஒன்று உண்டு. 1995-ல் சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு உறவினரின் சிகிச்சைக்காக வந்த ஒருவர், அவருக்காக ரத்ததானம் செய்தார். சோதனையில் ஹெச்.ஐ.வி. கிருமி இருப்பது தெரிந்தது. செய்தி ஆஸ்பத்திரியிலிருந்து வெளிப்பட்டது. நிச்சயமாகியிருந்த விவாகம் நின்றது, சுற்றத்தார் ஒதுக்கினர், அவர் சொந்த ஊரில் வாழ முடியாமல் வெளியேறினார். நஷ்டஈடு கோரினார், 1998-ல் தீர்ப்பு அவருக்கு விரோதமாகவே வந்தது. மணக்கவிருந்த பெண்ணின் உயிருக்கு ஆபத்து இருந்ததால், ரகசியம் காக்கும் கடமை அங்கே தளர வேண்டியதே என்றது கோர்ட்டு. அந்தப் பெண்ணுக்குத் தெரிவது நியாயம் என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிய வேண்டியது ஊர் முழுவதற்கும் தெரிந்தது எந்த நியாயத்தால்? ஒருவருக்காகத் திறந்த கதவின் வழியே ஊரே உள்ளே புகுந்துவிட்டது. தீர்ப்பு இந்த வித்தியாசத்தை வேண்டிய அளவு கவனிக்கவில்லை என்பது நமது அபிப்பிராயம்.

பின்னர் வந்த சட்டம் கவனித்தது. 2017-ல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் அமுலுக்கு வந்த ஹெச்.ஐ.வி. தடுப்புச் சட்டத்தின்படி, நோயாளியின் நிலையை அவருடைய துணைவருக்குச் சொல்லும் அதிகாரம் வைத்தியருக்கும் ஆலோசகருக்கும் மட்டுமே உண்டு. அவர்களும் நினைத்தவுடன் சொல்ல முடியாது. துணைவருக்கு உண்மையான அபாயம் இருக்க வேண்டும். நோயாளியே சொல்லும்படி முதலில் அவருக்கு ஆலோசனை கூறியிருக்க வேண்டும். அவர் சொல்லமாட்டார் என்று தெரிந்தபின், நாங்கள் சொல்லப்போகிறோம் என்று அவருக்கு அறிவிக்க வேண்டும். பிறகு துணைவரிடம் நேரில்தான் சொல்ல வேண்டும். சொல்லுவதால் ஒரு பெண்ணுக்கு அடி உதை விழும் என்று அஞ்சக் காரணம் இருந்தால் அதற்கும் சட்டம் இடம் வைத்திருக்கிறது. யார், யாரிடம், எப்போது, எவ்வளவு என்பது இங்கே தெளிவாக இருக்கிறது.

மனநோய்க்கும் சட்டம் இல்லாமலில்லை. 2018 மே மாதம் முதல் அமுலிலுள்ள மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு, சிகிச்சையில் அறிந்ததை வைத்தியத் தொழிலினர் வெளியிடலாகாது என்கிறது. நோயாளியின் படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதமின்றிப் பத்திரிகைகளுக்குக் கொடுக்கக்கூடாதென்கிறது 24-வது பிரிவு. இது நமது தொழிலுக்கும் இட்ட கடிவாளம். அதை நாம் மனமார வரவேற்கிறோம். மீறினால் முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறையோ, பதினாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் இச்சட்டம் பேசுவது "மனநோய்" கொண்டவரைப் பற்றி. அந்நோய்க்கு அது தரும் இலக்கணமோ கடுமையானது. பரீட்சையில் தவறிய மாணவன், புருஷன் குடியால் மனமுடைந்தவள், கடனில் மூழ்கிய வியாபாரி ஆகியோர் அந்த இலக்கணத்துக்குள் அடங்காமற் போகலாம். ஆலோசகரை நாடி வருகிறவரில் பெரும்பாலோர் இவர்களே அல்லவா?

மாணவர் விஷயம் இப்போது அவசரமாகிவிட்டது. நூறு பேருக்குக் குறையாத மாணவர் பயிலும் ஒவ்வொரு ஸ்தாபனமும் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டுமென்று 2025 ஜூலை 25-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நன்று. ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுப்பது நிர்வாகம். "அந்தப் பையன் உம்மிடம் என்ன சொன்னான்?" என்று பிரின்சிபால் கேட்டால், "சொல்வதற்கில்லை" என்று விடை கூறிவிட்டு மறுநாளும் அவர் வேலையில் இருக்க முடியுமா? இதற்கு எழுத்து மூலமான உறுதி இல்லாவிட்டால், பையன்கள் இரண்டாம் நாளே அந்த அறையின் வாசலை மிதிக்கமாட்டார்கள்.

நாம் வக்கீல் தொழிலில் பழகியவர்கள். கட்சிக்காரன் நம்மிடம் சொன்னதை நாம் வெளியிடக்கூடாதென்று 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டமே விதித்தது. 2024 ஜூலை முதல் தேதி அதன் ஸ்தானத்துக்கு வந்த புதிய சட்டமும் அதைக் காத்துள்ளது. வைத்தியருக்கும் ஆலோசகருக்கும் அப்படிப்பட்ட பாதுகாப்பு இரண்டிலும் இல்லை. நிலத்தகராறுக்காக வந்தவனின் வாய்மொழிக்கு அரண். உயிரை விட நினைத்து வந்தவனின் வாய்மொழிக்கு அரண் இல்லை!

புதுவைவாசிகள் நினைவில் கொள்ள வேண்டிய சரித்திரம் ஒன்றுண்டு. பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் 1819-ல் இங்கே அமுலுக்கு வந்தன. அவற்றுள் 1810-ம் வருஷத்துக் குற்றச் சட்டத்தின் 378-வது ஷரத்து, வைத்தியர், மருந்து விற்பவர், மருத்துவச்சி ஆகியோரோடு நிற்கவில்லை; தொழில் காரணமாகப் பிறர் ரகசியத்துக்குப் பாத்திரரான எவரும் அதை வெளியிட்டால் சிறை என்றது. இந்திய யூனியனுடன் இணைந்தபின் நமக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அப்படியொரு பொது ஷரத்து இல்லை. பிரான்ஸிலோ அந்த விதி புதிய எண்ணோடு இன்றும் வாழ்கிறது. ஒரே குடும்பத்தில் பாரிஸிலுள்ள அண்ணனுக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. மிஷன் வீதியிலுள்ள தங்கைக்கு இல்லை. அந்நிய ஆட்சி போனதற்கு ஏங்குகிறவர்கள் நாமல்ல. ஆனால் போகும்போது அவர்கள் தம்மோடு கொண்டுபோனவற்றில் ஒன்று நமக்கு உதவுமானால், அதை நமதாக்கிக்கொள்ள வெட்கப்படுவானேன்?

எந்த ரகசியமும் எல்லையற்றதன்று. பிறர் உயிருக்குத் தெளிவான அபாயம் நேரும்போதும், வந்தவரே உயிரை மாய்த்துக்கொள்ளும் தறுவாயில் இருக்கும்போதும், நீதிமன்றம் ஆக்ஞை இடும்போதும் வாய் திறக்கத்தான் வேண்டும். அப்போதும் தேவையான மனிதருக்கு, தேவையான அளவு மட்டும். இந்த எல்லையை முதல் நாளே வந்தவரிடம் சொல்லிவிடுவது நேர்மையான முறை. தகப்பனார் கேட்டார், தாசில்தார் கேட்டார் என்பதெல்லாம் காரணமாகா.

புதுவைச் சட்டசபைக்கும் சுகாதார இலாகாவுக்கும் நாம் கேட்பது அதிகமல்ல. பள்ளி, கல்லூரி, ஆஸ்பத்திரி, தர்ம ஸ்தாபனம் எதுவாயினும், ஆலோசனை நடக்கும் இடத்தில் ரகசியம் காக்கும் கடமை ஆலோசகரோடு குமாஸ்தாவையும் காவலாளியையும் சேர்த்துக் கட்டுப்படுத்துமாறு விதி செய்யட்டும். வருகிறவரைப் பெயரால் அன்றி எண்ணால் அழைக்கட்டும். குறிப்பேடு பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். சாவி ஒருவரிடமே இருக்கட்டும். கணினியில் ஏற்றினால், யார் எப்போது திறந்து பார்த்தார் என்பது பதிவாகட்டும். கல்லூரி ஆலோசகர் நிர்வாகத்துக்கு எத்தனை பேர் வந்தனர் என்ற தொகையை மட்டும் கொடுத்தால் போதும் என்று உத்தரவு பிறக்கட்டும். இவற்றுள் பலவற்றுக்குப் புதிதாகப் பணம் ஒதுக்க வேண்டியதில்லை. அடுத்த கல்வி வருஷம் பிறப்பதற்குள் ஒரு சுற்றறிக்கையாலேயே செய்துவிடலாம்.