சூடு தாங்குவது நம் தலையெழுத்தா?



நம் பெற்றோர் தோட்டத்து வெயிலில் காய்ந்தார்கள். பிள்ளைகளாகிய நாம் தொழிற்சாலைக் கூரையின் கீழ் வேகிறோம். இரப்பர் கையுறை, இரும்பு, கண்ணாடி, ரொட்டி என்று சூளையும் உலையும் ஓடும் இடமெல்லாம் இதே நிலைதான்.

நிர்வாகத்திடம் முறையிட்டால், "இத்தனை டிகிரிக்கு மேல் வேலை கூடாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது?" என்பார்கள். அப்படி ஓர் எண் மலேசியச் சட்டத்தில் இல்லைதான். ஆனால் அது பாதி உண்மை!

1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15-வது பிரிவு, இயன்றவரை தொழிலாளரின் உடல்நலத்தைக் காப்பது முதலாளியின் கடமை என்கிறது. சூட்டுக்கும் அது பொருந்தும். அதை மீறினால் அதிகபட்ச அபராதம் முன்பு 50,000 ரிங்கிட். 1.6.2024 முதல் 500,000 ரிங்கிட். அதே திருத்தம் தந்த 26ஏ பிரிவின்படி, உயிருக்கோ உடலுக்கோ கடும் ஆபத்து நெருங்கிவிட்டது என நம்ப நியாயமான காரணம் இருந்தால் நீங்கள் அங்கிருந்து விலகலாம். ஆனால் முதலில் மேலாளரிடம் சொல்ல வேண்டும். அவர் நடவடிக்கை எடுக்காவிட்டால்தான் இந்த உரிமை. சொல்லாமல் வெளியேறி வேலையை இழந்துவிடாதீர்கள்.

ஜேகேகேபி எனும் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகா 2016-இல் சூட்டுக்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதைக் காட்டிக் கேளுங்கள்: குடிநீர், காற்றோட்டம், நிழலான ஓய்விடம், புதியவர்கள் சூட்டுக்குப் பழகச் சில நாள் அவகாசம். கழிப்பறைக்கு விடமாட்டார்கள் என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கும் நம் பெண்கள் எத்தனை பேர்! தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் அது உடல் தரும் எச்சரிக்கை. ஒருவர் உளறினாலோ மயங்கினாலோ 999-ஐ அழையுங்கள். உடனே உடலை நீரால் குளிரச் செய்யுங்கள்.

40 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதில் நம்மவர் இருக்கிறாரா? தேதி, நேரம், நடந்தது எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். பலர் சேர்ந்து புகார் கொடுங்கள். புகார் செய்ததற்காக வேலைநீக்கம் செய்வதை 27-வது பிரிவு தடுக்கிறது.

அரசாங்கத்திடம் நம் கோரிக்கை ஒன்றே. வழிகாட்டி வெறும் அறிவுரை. அதைக் கட்டாய விதிமுறையாக்குங்கள். இயந்திரம் சூடானால் நிறுத்துகிறார்கள். மனிதனுக்கு அந்த மதிப்பாவது வேண்டாமா?