ஒத்து ஊத ஒரு பையன்

கச்சேரி களைகட்டிவிட்டால், முடிந்ததும் வந்து கையைப் பிடித்துக்கொள்பவர்கள் சொல்வது அநேகமாக ஒன்றுதான்: "இன்னிக்கு நீங்களா வாசிச்சீங்க? அம்பாள்ல உள்ள வந்து வாசிச்சா!" கும்பிட்டு வாங்கிக்கொள்வேன். சொல்கிறவர் நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனாலும் நாகஸ்வரக்காரனாக எனக்கு இதில் ஒரு குறை உண்டு. நன்றாக வாசித்தால் அம்பாள், சீவாளி பிசிறினால் மட்டும் நான் என்பது என்ன நியாயம்? சம்பளம் பேசும்போதும் அம்பாள்தான் குறுக்கே வருவாள். "சாமி காரியம், பாத்துச் செய்ங்க" என்பார்கள். பந்தல்காரரிடம் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அருள் பொய் என்று சொல்ல வரவில்லை. தோடியை விரித்துக்கொண்டு போகையில், ஒருநாளும் வாசித்திராத ஒரு பிடி தானாக விரலுக்கு வந்து விழுவது உண்டு. எங்கிருந்து வந்தது என்றால் எனக்குத் தெரியாது. சாமி தந்தது என்று யாராவது சொன்னால் மறுக்கவும் மாட்டேன். எங்கே வந்து இறங்குகிறது என்பது மட்டும் தெரியும்: மூச்சைப் பழக்கின உடம்பில், அதற்கென்று நேரம் விட்டுவைத்த இடத்தில். அந்தப் பழக்கத்தையும் நேரத்தையும் இத்தனை காலம் எங்களுக்குக் கொடுத்துவந்தது கோயில். இப்போது கோயில்களே அதை நிறுத்திக்கொண்டு வருகின்றன. என் வழக்கு அதைப் பற்றித்தான்.

உடம்பை முதலில் சொல்கிறேன். எங்கள் காலத்தில் குருவிடம் சேர்ந்தவுடன் நாகஸ்வரம் கையில் கிடைக்காது. ஒத்துதான். பார்க்க நாகஸ்வரம் மாதிரியே நீளமாக இருக்கும், விரல் வைக்கத் துளை இருக்காது. சுருதிக்கு ஒரே சுரம். பெரியவர் வாசித்து முடிக்கும்வரை அது அறுபடக் கூடாது. அப்படியானால் மூச்சு வாங்குவது எப்போது? கன்னத்தில் காற்றை நிறுத்தி, அது சீவாளி வழியே போய்க்கொண்டிருக்கும்போதே மூக்கால் இழுத்துக்கொள்ள வேண்டும். என் ஆசான் பப்பாளி இலைக் காம்பு ஒன்றை வெட்டிக் கொடுத்து, செம்புத் தண்ணீருக்குள் விட்டு, குமிழி நிற்காமல் ஊதச் சொன்னார். மூக்கில் தண்ணீர் ஏறும், தலை சுற்றும். "சங்கீதம் அப்புறம்டா தம்பி, முதல்ல மூச்சு வாங்கக் கத்துக்க" என்பார். ஊரில் ஆமாம்சாமி போடுபவனை ஒத்து ஊதுகிறான் என்று கேலி செய்கிறார்கள். கேலி செய்கிறவரை ஒரு நாழிகை ஊதவைத்துப் பார்க்க எனக்கு ஆசை.

நாகஸ்வரத்தில் விரலுக்கு இருப்பது ஏழு துளை. ராகங்களுக்கு வேண்டிய சுரங்கள் அதைவிட அதிகம். கமகத்துக்குக் கணக்கே கிடையாது. மிச்சத்தையெல்லாம் உதடும் காற்றின் அழுத்தமும்தான் கொண்டுவர வேண்டும். சம்பந்தர் கதை ஒன்று இங்கே எனக்கு ஞாபகம் வரும். அவர் பாடப் பாடக் கூடவே யாழ் வாசித்துவந்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். காரைக்கால் பக்கம் தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய ஒரு பதிகம் யாழில் அடங்கவில்லை. பாணர் யாழையே உடைக்கப் போனார், சம்பந்தர் தடுத்தார். யாழ்முரி என்று அந்தப் பதிகத்துக்குப் பெயர். சீர்காழிக் குளக்கரையில் மூன்று வயதில் ஞானப்பால் குடித்த பிள்ளையின் பாட்டு நரம்புக்குள் அடங்குமா என்பார்கள் பக்தர்கள். வாசிக்கிறவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது வேறு. கட்டிவைத்த நரம்பு கட்டிய இடத்தில்தான் பேசும். மூச்சிலிருந்து வரும் குரல் இரண்டு நரம்புக்கு நடுவிலும் போய் நிற்கும். இந்த இரண்டு விளக்கத்தில் ஒன்றை விட்டுவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மூச்சு என்றால் திருவாவடுதுறையையும் சொல்ல வேண்டும். திருமூலர் இருந்த ஊர் அது. பொதிகைக்குப் புறப்பட்ட ஒரு யோகி, சாத்தனூரில் இறந்துகிடந்த இடையன் மூலனைச் சுற்றி மாடுகள் கதறுவதைப் பார்த்து மனம் பொறுக்காமல் அந்த உடம்புக்குள் புகுந்தார் என்கிறது பெரியபுராணம். பிறகு இந்த ஊர் அரசமரத்தடியில் அமர்ந்து, ஆண்டுக்கு ஒரு பாட்டாக 3,000 பாட்டுப் பாடினாராம். சித்தருக்கே ஒரு பாட்டுக்கு ஒரு வருஷம்! ராத்திரியோடு ராத்திரியாக ட்யூன் போட்டேன் என்று பேட்டி கொடுப்பவர்கள் கொஞ்சம் யோசிக்கட்டும். மூச்சுக்கு அவர் மாத்திரைக் கணக்கும் கொடுத்திருக்கிறார்: உள்ளே இழுக்க 16, நிறுத்த 64, வெளியே விட 32. எங்கள் பிழைப்பு வேறு. இழுக்கக் கண் இமைக்கும் நேரம்தான், நிறுத்த நேரமே கிடையாது, எல்லாமே வெளியே விடுவதில்தான். அவர் சேர்த்துவைக்கச் சொன்னதை நாங்கள் செலவழித்துக்கொண்டிருக்கிறோம்.

டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) ஆதீன வித்வானாக இருந்ததும் இதே ஊரில்தான். முதலில் வாய்ப்பாட்டு கற்றவர். முன்பு புழக்கத்தில் இருந்தது திமிரி. குட்டையான குழல், உச்ச சுருதி. பக்கத்து நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து, நீளமான, சுருதி இறங்கிய பாரிக்கு அவர் மாறினார். குழல் நீண்டால் காற்று அதிகம் கேட்கும். ராகமும் நின்று நிதானமாக விரியும். (நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். அதை ஊத ஆள் வேண்டாமா?)

அவர் தோடி மணிக்கணக்கில் விரிந்தது என்று வியக்கிறோம். அத்தனை மணி நேரத்தை எங்களுக்குப் பழக்கிக் கொடுத்தது சாமி புறப்பாடு. கம்பீரநாட்டையில் மல்லாரி வாசித்து, சாமி கோபுர வாசல் தாண்டிய பிறகு நான்கு வீதியும் ராகம்தான். சாமி நகர்ந்தால் நகர வேண்டும், மண்டகப்படியில் நின்றால் நிற்க வேண்டும். இடையில் ராகத்தை முடித்துவிட்டு வேடிக்கை பார்க்க முடியாது. தெரிந்ததெல்லாம் வாசித்துத் தீர்ந்த பிறகும் வீதி பாக்கி இருக்கும். புதுப்பிடி வருவது அப்போதுதான். அர்த்தசாமத்திலும் அப்படியே. பள்ளியறைக்கு நீலாம்பரி வாசிக்கும்போது கண் குருக்கள் கைமேலேயே இருக்கும். அவர் தாமதித்தால் இன்னும் இரண்டு மூச்சுக்கு இழுக்க வேண்டும். நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நீலாம்பரியில் பாதி, அந்த இரண்டு மூச்சில் வந்து விழுந்ததுதான்.

இப்போது அந்த இடத்தில் மோட்டார் மேளம். இரும்புச் சட்டத்தில் முரசு, மணி, சேகண்டி. ஸ்விட்சைப் போட்டால் அலறும். தீபாராதனை முடிந்த பிறகும் யாராவது ஓடிப்போய் நிறுத்தும்வரை ஓயாது. குருக்கள் ஒருவரே விளக்கும் ஏற்றி நைவேத்தியமும் செய்கிற ஒருகாலப் பூஜைக் கோயிலில் அதை நான் குற்றம் சொல்ல மாட்டேன், சம்பளம் கொடுக்க அங்கே என்ன இருக்கிறது? உண்டியல் நிரம்புகிற கோயிலிலும் அதே மோட்டார் அலறுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. சிதம்பரம் பொன்னம்பலக் கூரையில் 21,600 பொன் ஓடுகள், மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் எண்ணிக்கை அது என்று சொல்வார்கள். நிமிஷத்துக்கு 15 என்று வைத்தால் கணக்கு நேராக வருகிறது. சும்மா இருக்கும் மனிதனுக்கு 12 முதல் 20 என்று டாக்டர்களும் சொல்கிறார்கள். மூச்சை எண்ணிக் கூரையில் ஏற்றிவைத்த சமயத்தில், மூச்சே இல்லாத ஒன்றைப் பூஜைக்கு வைத்திருக்கிறோம்.

"சத்தம் வந்தா போதும், சாமிக்குத் தெரியாதா?" என்று ஒரு தர்மகர்த்தா என்னிடம் கேட்டார். சாமிக்குத் தெரியும். வாசிக்கிற பிள்ளைக்கு நேரம் எங்கே கிடைக்கும் என்பதுதான் என் கவலை. கல்யாண வீட்டில் நாலு சினிமாப் பாட்டு, கெட்டிமேளம், அப்புறம் சாப்பாடு. சபாக்களில் விழா தொடங்க மங்கள இசை என்று கொஞ்ச நேரம். ஒரு ராகம் தீர்ந்துபோய், அதற்கப்புறமும் வாசித்தாக வேண்டிய கட்டாயம் கோயிலைத் தவிர வேறெங்கும் கிடையாது.

மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் மூன்று வருஷம் நாகஸ்வரமும் தவிலும் படித்துவிட்டு, முகூர்த்த மாதத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அறநிலையத் துறை ஒன்று செய்யலாம். வருமானமுள்ள கோயில்களில் அர்த்தசாமம் ஒன்றுக்காவது மோட்டாரை நிறுத்திவிட்டு, ஒரு நாகஸ்வரம், ஒரு தவில், சுருதிப் பெட்டிக்குப் பதிலாக ஒத்து ஊத ஒரு பையனோ பெண்ணோ. மூவருக்கும் மாதச் சம்பளம், சாமி காரியம் என்று சொல்லிக் குறைக்காத சம்பளம். முதல் சில மாதங்கள் அந்தப் பிள்ளை ஊதும் சுருதி நடுநடுவே அறுந்துதான் கேட்கும். பக்தர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.