ஆசனம் உண்டு, அதிகாரம் இல்லை

ஒரு தொழிற்சாலையிலே தொழிலாளிப் பெண்ணொருத்தியை மேற்பார்வையாளன் தாக்கிவிடுகிறான் என வைத்துக்கொள்வோம். அவன்மீது வழக்குத் தொடுப்பதா விடுவதா என்பதை முதலாளியே தீர்மானிப்பான். யூரர்களை முதலாளியே பொறுக்கியெடுப்பான். அவர்கள் குற்றவாளி எனக் கண்டாலும் அத்தீர்ப்பை முதலாளியே தள்ளிவிடலாம் என்று ஒரு சட்டம் இருக்குமாயின், அதனை நீதி என்று கூற எவருக்கேனும் நாக்கூசாதா? ஐக்கிய அமெரிக்காவின் இராணுவ நீதி பல்லாண்டுக் காலம் இவ்வாறுதான் நடந்து வந்தது. முதலாளியின் இடத்தில் தளபதி இருந்தார், வேறுபாடு அவ்வளவே.

1950 இல் இயற்றப்பட்ட இராணுவ நீதிச் சட்டக்கோவை, அம்மூன்று அதிகாரங்களையும் தளபதியின் கையிலேயே வைத்திருந்தது. குற்றத்துக்கு இலக்கானவர் அங்கே வெறும் சாட்சி. அழைத்தால் வரவேண்டும், கேட்டால் சொல்லவேண்டும். 1991 இல் லாஸ் வேகாஸ் நகரில் கடற்படை வானோடிகள் கூடிய மாநாட்டிலே 83 பெண்களும் 7 ஆண்களும் தாக்கப்பட்டனர் என விசாரணை கண்டது. ஆயினும் இராணுவ நீதிமன்றத்தில் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. 2012 இல் இத்தாலியிலுள்ள அமெரிக்க விமானத்தளத்தில் லெப்டினன்ட் கேணல் ஒருவர் பாலியல் தாக்குதல் குற்றவாளியென யூரர் குழு தீர்ப்பளித்தது. விசாரணையின்போது மன்றத்தில் இருந்திராத தளபதியொருவர், 2013 இல் ஒரே கையெழுத்தினால் அத்தீர்ப்பை இல்லாமற் செய்தார்.

அதனால் எழுந்த கண்டனப் புயலுக்கு அஞ்சியே கொங்கிரஸ் அவ்வாண்டு டிசம்பரில் சட்டத்தைத் திருத்தியது. பெருங்குற்றத் தீர்ப்புகளைத் தள்ளும் அதிகாரம் தளபதியிடமிருந்து பறிக்கப்பட்டது. 6பி என்னும் பிரிவு புதிதாகச் சேர்ந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவரிடமிருந்து பாதுகாப்பு, விசாரணைகள் பற்றிய அறிவித்தல், மன்றத்தில் இருக்கும் உரிமை, தண்டனை விதிக்கும்போது பேசும் உரிமை, தாமதமற்ற விசாரணை, மானத்துக்கும் அந்தரங்கத்துக்கும் மதிப்பு ஆகியவற்றை அது எழுத்தில் வழங்கிற்று. பாலியல் குற்றத்துக்கு இலக்கானோர்க்குத் தனிச் சட்டத்தரணிகளும் கிடைத்தனர். இவற்றை எள்ளி நகையாடுவது என் நோக்கமன்று. மேலிடத்துப் பெருந்தன்மை தந்தவையல்ல இவை. அவமானத்தைப் பொருட்படுத்தாது வாய்திறந்தவர்கள் ஈட்டியவை.

ஆனால் அதே பிரிவின் கீழ்ப்பகுதியையும் படித்துப் பாருங்கள். இவ்வுரிமைகள் மீறப்பட்டால் நட்டஈடு கோரி வழக்காட முடியாது. அரசோ அதன் அதிகாரிகளோ அதற்குப் பொறுப்பாகார் என்று சட்டமே கதவை அடைக்கிறது. ‘சட்டத்தில் உள்ளவாறு’ இழப்பைப் பெறலாம் என்கிறது. ஆனால் இராணுவ நீதிமன்றம் விதிக்கும் தண்டனை வகைகளில், பாதிக்கப்பட்டவருக்குப் பணம் செலுத்துமாறு கட்டளையிடும் வகை இல்லை. தண்டப்பணம் அரசின் திறைசேரிக்கே போகிறது. சேவையோடு தொடர்புடைய தீங்குக்காகப் படைவீரர் அரசின்மீது நட்டஈட்டு வழக்குத் தொடரலாகாது என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1950 இலேயே தீர்த்துவிட்டது. மீறினால் நட்டஈடு கேட்க முடியாத உரிமை, தருமம் போன்றது. கொடுப்பவன் மனம் இருக்குமட்டுமே அது இருக்கும்.

வழக்குத் தொடுக்கும் அதிகாரத்தைத் தளபதியிடமிருந்து எடுத்தால் படையின் ஒழுங்கு குலையும் எனத் தளபதிகள் ஆண்டாண்டாக ஓதிவந்தனர். 2021 இன் சட்டம் கொலை, பாலியல் வன்முறை முதலிய சில குற்றங்களில் அவ்வதிகாரத்தைத் தனி வழக்குத்தொடுநர்களிடம் ஒப்படைத்தது. 2023 டிசம்பர் 28 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஒழுங்கைக் காக்க அவ்வதிகாரம் இன்றியமையாததாயின், அதனை ஏன் விட்டுக்கொடுத்தனர்? இன்றியமையாததல்லவாயின், எழுபது ஆண்டுகள் ஏன் பற்றிக்கொண்டிருந்தனர்? இன்றும் மன்றத்தைக் கூட்டுபவர் தளபதியே. ஏனைய குற்றங்களில் முடிவும் அவருடையதே.

“ஏகாதிபத்தியப் படையின் சிப்பாய்க்காக நாம் ஏன் கவல வேண்டும்?” என்று நம்மவரே சிலர் கேட்கக்கூடும். வேலையும் படிப்பும் தேடிச் சீருடை அணிந்த எளிய குடும்பத்துப் பிள்ளைகள் அச்சிப்பாய்களிற் பலர் என்பதை மறக்கலாகாது. இன்னொன்றும் உண்டு. தன் சொந்தச் சிப்பாயின் முறைப்பாட்டையே அமுக்கும் படை, அந்நிய நாட்டுக் குடியானவனின் அழுகுரலுக்கா செவிசாய்க்கும்? 2005 இல் ஈராக்கின் ஹதீதாவில் அமெரிக்க மரைன் படையினர் 24 பொதுமக்களைக் கொன்றனர். 2012 இல் கடைசி வழக்கு முடிந்தபோது, அக்கொலைகளுக்காக ஒருவர்கூடச் சிறை செல்லவில்லை. 6பி பிரிவு இன்று குடியுரிமை பார்ப்பதில்லை; குற்றத்தால் நேரடியாகத் தீங்குற்ற எவரும் அதன் பாதுகாப்புக்கு உரியவரே. ஆனால் யூப்பிரட்டீஸ் கரையில் மகனை இழந்த தாய்க்கு விசாரணை நாளை அறிவிப்பவர் யார்? கடல் கடந்து அவளை மன்றத்துக்கு அழைத்து வருபவர் யார்?

ஆகவே நமது கோரிக்கை தெளிவானது. குற்றத்தை விசாரிப்பவர் கட்டளைச் சங்கிலிக்கு வெளியே நிற்கவேண்டும். உரிமை மீறப்பட்டால் முழுமையான பரிகாரம் சட்டத்திலேயே இருக்கவேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கிடைக்கவேண்டும். அதுவரை, மன்றத்திலே அவருக்கு ஆசனம் போட்டுவிட்டோம் என்று எவரும் பெருமை பேசவேண்டாம்.