சாவி யாருகிட்ட இருக்கு அண்ணாச்சி?

போன மாதம் கோவில்பட்டி போயிருந்தேன். நண்பர் தன் கடைக்குப் புதிதாக ரிமோட் ஷட்டர் போட்டிருந்தார். பட்டனை அழுத்தினால் கிர்ரென்று ஏறுகிறது. முகத்தில் அத்தனை பெருமை.

"மொத்தம் எத்தனை ரிமோட் அண்ணாச்சி?"

"நாலு. எங்கிட்ட ஒண்ணு, வீட்ல ஒண்ணு, மேனேஜர்கிட்ட ஒண்ணு."

"நாலாவது?"

"வேலையை விட்டுப் போன பையன்கிட்ட இருக்கும். நல்ல பையன் சார்!"

நல்ல பையனாகவே இருக்கட்டும். அவன் அதைப் பஸ்ஸில் தொலைத்துவிட்டால்?

இரும்புச் சாவி தொலைந்தால் அன்றைக்கே பூட்டை மாற்றுகிறோம். ரிமோட் தொலைந்தால் மட்டும் இன்னொரு ரிமோட் வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறோம். வானத்தையே நம்பாத கரிசல்காட்டு மனிதர்கள், ஒரு பிளாஸ்டிக் பட்டனை இப்படி நம்பலாமா?

கொஞ்சம் உள்ளே பார்ப்போம். பழைய மலிவு ரிமோட்டில் '2262' என்றொரு சிப். வழக்கமாக அதில் கோடு வைக்க எட்டுக் கால்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை. ஆக மொத்தம் 6,561 கோடுகள், அவ்வளவுதான். அதையும் மாற்றாமல் கம்பெனியிலிருந்து வந்தபடியே மாட்டிவிட்டுப் போனால், உங்கள் ரிமோட் பக்கத்துக் கடையையும் திறக்கலாம்! இந்த வகை ரிமோட் ஒவ்வொரு தடவையும் ஒரே கோடைத்தான் அனுப்பும். அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் காப்பி ரிமோட் சல்லிசாகக் கிடைக்கிறது. 2015-ல் அமெரிக்காவில் சாமி கம்கார் என்பவர், குழந்தைகள் விளையாடும் ஒரு பொம்மையை மாற்றியமைத்து, இப்படிப்பட்ட நிலையான கோடு கொண்ட கராஜ் கதவுகளைப் பத்து விநாடிக்குள் திறக்கலாம் என்று காட்டினார்.

மாற்று இருக்கிறது. 'ரோலிங் கோடு' ரிமோட் ஒவ்வொரு அழுத்தலுக்கும் புதுக் கோடு அனுப்பும். பழையதைப் பிடித்து வைத்துப் பிரயோஜனமில்லை. அதிலும் பிரபலமான 'கீலாக்' முறையை 2008-ல் ஜெர்மனியின் போகம் நகர ஆராய்ச்சியாளர்கள் உடைத்தார்கள் என்பது நிஜம். அதற்காகப் பூட்டே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லையே!

ஆனால் ரோலிங் கோடும் அந்த நாலாவது ரிமோட்டைத் தடுக்காது. அதுவும் ஒரிஜினல் சாவிதானே! அதை ரிசீவரின் நினைவிலிருந்து நீக்கினால்தான் உண்டு. தரமான சில கருவிகளுக்கு 'புரோகிராமிங் கன்சோல்' என்று கையடக்கப் பெட்டி வருகிறது. எந்தெந்த ரிமோட் பதிவாகியிருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். தொலைந்ததை மட்டும் நீக்கலாம். மற்றவை பாட்டுக்கு வேலை செய்யும். கன்சோல் இல்லாத மலிவு ரிசீவரிலும் பெரும்பாலும் எல்லாவற்றையும் மொத்தமாக அழித்து, கையில் இருப்பவற்றை மட்டும் மறுபடி பதியலாம். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது. யார் செய்கிறார்கள்?

மெக்கானிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. கேட்டால்தானே செய்வார்? மோட்டாருக்கு எத்தனை வருஷ வாரண்டி என்று கேட்கிறோம், விலையில் ஐந்நூறு ரூபாய் குறைக்க அரை மணி நேரம் பேசுகிறோம். கோடு மாறுமா, தொலைந்த ரிமோட்டை நீக்க முடியுமா, பதிவான ரிமோட் எத்தனை என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை.

இதையெல்லாம் சொன்னபோது அண்ணாச்சி சிரித்தார். "நம்ம ஊர்ல யாரு சார் இதெல்லாம் பண்ணப் போறான்?"

அப்படியானால் ராத்திரி எதற்கு ஷட்டரை இறக்குகிறீர்கள் அண்ணாச்சி?