பக்கெற் கடையிலேயே நிக்குது

சிகரட் பக்கெற்றில நிறமும் இலச்சினையும் இருக்கக் கூடாது, எல்லாம் ஒரே மாதிரி வெற்றுப் பொதியாக வரவேண்டும் என்பதற்கு அமைச்சரவை 2018 இல் அங்கீகாரம் கொடுத்தது. பரந்தனிலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு கடைக்குப் போய்ப் பாருங்கோ. கோல்ட் லீஃப் தன்ர மினுக்கத்தோடதான் இருக்கு.

பக்கெற்றில் 80 வீதம் எச்சரிக்கைப் படம் வேண்டுமென்று 2012 இல் விதி வந்தபோது இலங்கைப் புகையிலைக் கம்பனி நீதிமன்றம் போனது. 2014 இல் அது 50 முதல் 60 வீதமாகக் குறைந்தது. 2015 இல் பாராளுமன்றம் சட்டத்தையே திருத்தித்தான் 80ஐ மீட்டது. ஒரு மட்டைப் பெட்டிக்கு இவ்வளவு சண்டை! பெட்டியின்ர வடிவு ஆளை இழுக்காது என்றால் ஏன் இந்தப் பாடு? வெற்றுப் பொதிக்கு எதிராக அவுஸ்திரேலியாவில் வழக்குப் போட்டு 2012 இல் தோற்றவர்களில் பிரிட்டிஷ் அமெரிக்கன் டுபாக்கோவும் ஒன்று. எங்கட கம்பனியின் பெரும்பங்கும் அவர்களிடம்தான்.

ஆனால் வெற்றுப் பொதி மட்டும் வன்னிக்குக் காணாது. எங்கட பெடியள் பக்கெற் வாங்குறேல்லை. "அண்ணை, ஒரு கோல்ட் லீஃப் தாங்கோ." அவ்வளவுதான். கூலிவேலைக்குப் போறவனிட்ட முழுப் பக்கெற்றுக்கு ஏது காசு? பக்கெற் கடை லாச்சிக்குள்ளேயே கிடக்கும். அந்தப் பயங்கரப் படத்தை நாள்முழுக்கப் பார்க்கிறவர் கடைக்கார அண்ணை மட்டும்தான். அவர் பாவம், புகைக்கிறதுமில்லை. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாதென்று 2006 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லுது. ஒற்றைச் சிகரட்டுக்கு அடையாள அட்டை கேட்ட கடையை நாங்கள் இன்னும் காணேல்லை.

கனடா இதற்கும் வழி கண்டிருக்கு. 2023 ஆகஸ்டிலிருந்து அங்கே ஒவ்வொரு சிகரட்டிலும் எச்சரிக்கை வாசகம் அச்சிட வேண்டுமென்ற விதி படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. ரொறன்ரோவில் மாமாவோ சித்தப்பாவோ இருந்தால் கேட்டுப் பாருங்கோ. பக்கெற்றையே காணாத எங்கட ஊருக்குத்தான் இது கூடத் தேவை.

"சின்னக் கடைக்காரர் எப்பிடிப் பிழைக்கிறது?" என்று உடனே கேட்பார்கள். ஒன்று நூறு ரூபாய்க்கு மேல விக்குது. நாளுக்கு ஐந்து என்றால் மாதம் பதினையாயிரத்தைத் தாண்டும். நுண்கடன்காரன் வாற நாளில அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளுக்குள்ள இருக்கிற வீடுகளிலிருந்தும் இந்தக் காசு போகுது. அதே கடைக் கொப்பியில அரிசிக்கும் மாவுக்கும் கடன் ஏறிக்கொண்டிருக்கு.

வெற்றுப் பொதி, உதிரி விற்பனைத் தடை, சிகரட்டிலேயே எச்சரிக்கை. மூன்றும் ஒன்றாக வரவேணும். கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள்ள, முல்லைத்தீவும் வவுனியாவும் வன்னிக்குள்ள. இரண்டு பக்க எம்பிமாரும் அடுத்தமுறை வாக்குக் கேட்டு வரேக்க, 2018 முடிவு எங்கே கிடக்கு என்று கேளுங்கோ.