ஏலக் கூடத்துக்கு வெளியே இணையக் கலை

2021 மார்ச்சில், பீப்பிள் என்ற புனைபெயரில் இயங்கும் அமெரிக்கக் கலைஞரின் கணினிப் படத்தொகுப்பு ஒன்றை கிறிஸ்டீஸ் நிறுவனம் 6.93 கோடி டாலருக்கு ஏலம் விட்டது. மின் படைப்புகளுக்கான உரிமைச் சான்றுகளை விற்கும் என்.எஃப்.டி. சந்தை பொங்கியது, சீக்கிரமே அடங்கியும் போனது. அந்தச் சரிவுக்குப் பிறகு, கலையைப் பற்றி அக்கறையோடு பேசுகிறவர்களிடம்கூட ஒரு தீர்ப்பு ஊறிப்போயிருக்கிறது. கணினியிலும் இணையத்திலும் உருவாகும் கலை வெறும் சூதாட்டம். அதில் உழைப்பது இயந்திரம். மூலத்துக்கும் நகலுக்கும் வேறுபாடு கிடையாது. இன்று திறக்கும் படைப்பு நாளை திறக்காது. ஆகவே இதைக் கலை வரலாற்றில் சேர்த்துப் பேச வேண்டியதில்லை. இந்தத் தீர்ப்பு தவறானது. இதை நம்பிக் கைவிடப்படும் படைப்புகள் திரும்பக் கிடைக்காது என்பதால் ஆபத்தானதும்கூட.

சூதாட்டம் என்ற குற்றச்சாட்டுக்குக் காலவரிசையே பதில். 1965இல் ஷ்டுட்கார்ட்டில் கியார்க் நேஸ் கணினிவழி வரைந்த கோட்டோவியங்களைக் காட்சிக்கு வைத்தார். 1968இல் லண்டன் ஐ.சி.ஏ. அரங்கில் யாசியா ரைஹார்ட் 'சைபர்னெட்டிக் செரண்டிபிட்டி' என்ற பெரும் கண்காட்சியை அமைத்தார். 1990களின் நடுவில் இணையத்தையே களமாக எடுத்துக்கொண்டவர்களின் படைப்புகளை யார் வேண்டுமானாலும் முகவரியைத் தட்டி இலவசமாகப் பார்க்க முடிந்தது. ஏலம் விடும்படியான பொருள் எதுவும் அவர்களிடம் இல்லை. எண்ணெய் ஓவியச் சந்தையிலும் ஊகவணிகம் உண்டு. அதற்காக எண்ணெய் ஓவியத்தை யாரும் தள்ளிவைத்ததில்லை.

இயந்திரம்தான் உழைக்கிறது என்ற வாதம் இதைவிடக் கனமானது. ஆனால் வேரா மொல்னார் செய்ததைப் பார்த்தவர்களால் அதை அப்படியே சொல்ல முடியாது. புடாபெஸ்டில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த அவர், கணினி கைக்கு எட்டுவதற்கு முன்பே தனக்குத் தானே விதிகளை வகுத்துக்கொண்டு, இம்மி பிசகாமல் அவற்றைக் கையால் பின்பற்றி வரைந்தார். 1968இல் கணினி கிடைத்தபோது அந்த விசாரணையை விரிவாக்கினார். ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்களை அடுக்கி, மூலைகள் சற்றே விலகும்படி நிரல் எழுதினார். எவ்வளவு விலகும்வரை கண் அதைச் சதுரம் என்று நம்பும், எந்த இடத்தில் ஒழுங்கு குலைந்து படம் உயிர் பெறும் என்பதே அவருடைய கேள்வி. பிளாட்டர் என்ற வரைகருவி வரைந்து தள்ளும் தாள்களில் எது நிற்கும், எது கழியும் என்று முடிவு செய்தது அவர் கண்தான். ஓவியத்தின் உழைப்பு தூரிகை பிடித்த விரலில் மட்டுமே இருக்கிறது என்றால், மற்றவர்கள் சுவரில் வரைவதற்காகக் குறிப்புகளை மட்டும் எழுதித் தந்த சோல் லெவிட்டையும் வெளியேற்ற வேண்டிவரும்.

ரஷ்யக் கலைஞர் ஓல்யா லியாலினா 1996இல் செய்த 'போரிலிருந்து திரும்பிய என் காதலன்' இந்தக் கலையின் தனித்தன்மையைக் காட்டும். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, புள்ளிபுள்ளியான சில கறுப்புவெள்ளைப் படங்கள். ஒருவரையொருவர் பாராமல் அமர்ந்திருக்கும் ஓர் ஆணும் பெண்ணும், ஒரு சன்னல். சொற்களைக் கிளிக் செய்யச் செய்ய பிரவுசர் திரை இரண்டாக, நான்காகப் பிளந்து சிறுசிறு கட்டங்களாகிறது. ஒரு கட்டத்தில் அவள் தன் உறவொன்றை ஒப்புக்கொள்கிறாள். இன்னொன்றில் கல்யாணப் பேச்சு நாளை என்று தொடங்கி அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகிறது. எந்தக் கட்டத்தை முதலில் தொடுவது என்பது நம் கையில் இருப்பதால், யார் பேச்சுக்கு யார் பதில் சொன்னார்கள் என்பதே குழம்புகிறது. கிளிக் செய்வதற்கு இனி எதுவும் இல்லாத கறுப்புக் கட்டங்கள் கடைசியில் மிஞ்சுகின்றன. திரையைப் பிரிக்கும் ஃப்ரேம் என்ற எச்.டி.எம்.எல். வசதி இங்கே மனிதர் இருவருக்கு நடுவே விழுந்த பிளவாகிறது. இதைப் படமாக்கினாலோ சிறுகதையாக்கினாலோ வேறொன்றாகிவிடும். அன்றைய தொலைபேசி இணைப்பில் படம் மெல்ல இறங்கும்வரை காத்திருந்த தாமதமும் கதையில் சேர்த்திதான்.

நகல் பற்றிய வாதம், ஒரே ஒரு பொருளாக இருந்தால்தான் கலை என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு பேசுகிறது. லியாலினாவின் இந்தப் படைப்பை மற்ற கலைஞர்கள் பலவிதமாக மாற்றிச் செய்தார்கள். அவற்றையெல்லாம் அவரே சேகரித்து இணையத்தில் ஓர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார். கலைஞர் அமாலியா உல்மன் 2014இல் இன்ஸ்டாகிராமில் சில மாதங்கள் ஒரு கற்பனைப் பெண்ணாக வாழ்ந்து காட்டினார். மார்பக அறுவை சிகிச்சை உட்பட எல்லாம் நடிப்பு. பின்தொடர்ந்தவர்கள் நம்பினார்கள், பாராட்டினார்கள், ஏசினார்கள். அந்தப் பின்னூட்டங்களும் படைப்பின் பகுதியே. அவற்றைக் கழித்துவிட்டு 'மூலப் படத்தை' மட்டும் சுவரில் மாட்டினால் கிடைப்பது ஒரு செல்ஃபி.

நல்ல எதிர்வாதம் ஒன்று உண்டு. இவற்றில் பெரும்பகுதி, புதிய கருவி ஒன்று வந்ததும் அதை வைத்துக் காட்டும் வித்தை. கருவி பழசானால் வியப்பும் போய்விடும் என்பது. உண்மைதான், அப்படிப்பட்ட படைப்புகள் நிறைய. ஆனால் கருவியைக் காட்டும் படைப்பையும் கருவியை விசாரிக்கும் படைப்பையும் பிரித்தறிய முடியும். 2019இல் ஆய்வாளர் கேட் கிராஃபர்டும் கலைஞர் டிரெவர் பேக்லனும் வெளியிட்ட 'இமேஜ்நெட் ரூலெட்' ஒன்றே செய்தது: நாம் ஏற்றும் முகப்படத்துக்கு, படங்களை அடையாளம் காணக் கணினிகளைப் பயிற்றுவிக்கும் இமேஜ்நெட் தரவுத்தொகுப்பில் மனிதர்களுக்கென்று இருந்த வகைப்பெயர்களில் ஒன்றை ஒட்டிக் காட்டியது. பலருக்கு இன இழிசொற்கள் வந்து விழுந்தன. அந்த விவாதம் சூடாக இருந்த நாட்களிலேயே, இமேஜ்நெட் குழு மனிதர்களின் ஆறு லட்சம் படங்களை நீக்கப்போவதாக அறிவித்தது. ஆய்வுக்கட்டுரைகளில் வல்லுநர்கள் மட்டும் படித்துவந்த ஒரு கோளாறு, அவரவர் முகத்தின் மீது எழுதப்பட்டதும் பொதுமக்கள் பிரச்சினையானது.

கடைசி வாதம் அழிவு. அழிவது உண்மை, அதிலிருந்து பெறும் முடிவுதான் பிழை. லியொனார்டோவின் 'கடைசி இராவுணவு' அவர் வரைந்து சில ஆண்டுகளிலேயே உதிரத் தொடங்கியது. 1978 முதல் 1999 வரை நடந்த சீரமைப்பால் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. ஓலை மக்கினாலும் புதிய ஓலைக்குப் பெயர்த்தெழுத ஆள் இருந்தவரை நம் நூல்கள் பிழைத்தன. மின் படைப்புகளின் நிலையும் அதுவே. 1993இல் நெப்ராஸ்காவில் கொல்லப்பட்ட திருநம்பி பிராண்டன் டீனாவை முன்வைத்து ஷு லீ செங் உருவாக்கிய 'பிராண்டன்', குகன்ஹைம் அருங்காட்சியகம் முதன்முதலாகப் பணித்து 1998இல் வெளியிட்ட இணையப் படைப்பு. அதை இயக்கிய ஜாவா துணுக்குகளை புதிய பிரவுசர்கள் ஏற்காமல் போனதும் பக்கங்கள் செத்துக்கிடந்தன. நியூயார்க் பல்கலைக்கழகக் கணினித் துறையினரோடு சேர்ந்து குகன்ஹைம் அதை மீட்டது. ஓடாத பழைய வரிகளை அழித்துவிடாமல், செயலிழக்கச் செய்து நிரலுக்குள்ளேயே விட்டுவைத்தார்கள். எங்கே கைவைத்தோம் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரிய வேண்டுமல்லவா.

2009இல் யாஹூ நிறுவனம் ஜியோசிட்டீஸ் என்ற இலவச இணையப்பக்கத் தளத்தை மூடியபோது, அங்கே சாதாரண மக்கள் தங்கள் கையால் கட்டிய பல லட்சம் பக்கங்கள் போயிருக்கும். தன்னார்வலர்கள் இரவுபகலாகப் பதிவிறக்கியதால் ஒரு டெராபைட் அளவுக்கு மிஞ்சியது. லியாலினாவும் கலைஞர் டிராகன் எஸ்பென்ஷீடும் அந்தக் குவியலை ஆய்ந்தார்கள். 2020 டிசம்பர் 31 அன்று அடோபி நிறுவனம், பிரவுசரில் அசைபடங்களை ஓட்டிய ஃபிளாஷ் மென்பொருளுக்கு ஆதரவை நிறுத்தியது. ஃபிளாஷில் செய்த எத்தனையோ படைப்புகள் பழைய ஹார்டு டிஸ்குகளில் தூங்குகின்றன. பழைய கணினிச் சூழலைப் பாவித்துக் காட்டும் எமுலேட்டர் மென்பொருள்கள் இருக்கின்றன. பலவற்றை இன்றே ஓட்டிப் பார்க்கலாம். அதற்கு ஆளும் பணமும் ஒதுக்கும் அதிகாரம் உள்ள நிறுவனங்கள், இவை கலையே அல்ல என்று சொல்லப்படுவதைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன.